வீட்டுக்கு என்ன எடை?

ஊருக்குப் புறப்படுகிறவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். வீட்டையே ஓட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உலகத்தில் உண்டு. இங்கிலாந்தில் கோடை பிறந்துவிட்டால் போதும். சாலையெல்லாம் இந்த நடமாடும் வீடுகள்தான். 'மோட்டார் ஹோம்' என்று அவற்றுக்குப் பெயர். முன்னால் டிரைவர் ஆசனம். பின்னால் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளிக்கும் அறை எல்லாம் உண்டு. குடும்பம் குடும்பமாக ஸ்காட்லாந்து மலைகளுக்குப் போகிறார்கள். வண்டியைக் கப்பலில் ஏற்றி பிரான்சுக்கும் போகிறார்கள்.

இத்தனை சௌகரியத்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது. சாதாரண வீட்டில் எவ்வளவு சாமானை வேண்டுமானாலும் அடைக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். சக்கரம் வைத்த வீடு அப்படியல்ல. அதற்கு ஓர் எல்லை உண்டு.

மூவாயிரத்து ஐந்நூறு கிலோ

அங்கே பெரும்பாலான மோட்டார் வீடுகளுக்கு மொத்த எடை எல்லை 3500 கிலோ. 1997 ஜனவரி 1-ந் தேதிக்குப் பிறகு கார் லைசென்ஸ் வாங்கியவர்கள் பொதுவாக அந்த எடை வரைதான் ஓட்டலாம். அதற்கு முன்னால் வாங்கிய பெரியவர்களுக்கு 7500 கிலோ வரை உரிமை உண்டு. ஆனால் எழுபது வயதானதும் அந்த உரிமை நீடிக்க வைத்தியப் பரிசோதனை தேவை. வண்டிக்குள் ஒரு தகடு இருக்கும். அதில் மொத்த எடை, முன் அச்சு தாங்கும் எடை, பின் அச்சு தாங்கும் எடை எல்லாம் பொறித்திருக்கும்.

"நாங்கள் என்ன, இரும்பா ஏற்றப் போகிறோம்? நாலு துணிமணி, கொஞ்சம் பாத்திரம், அவ்வளவுதானே?" என்கிறீர்களா? வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வண்டியின் எடை 3060 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவருக்கு 75 கிலோ, எண்ணெய், பத்து லிட்டர் தண்ணீர் எல்லாம் இதில் சேர்த்தி. மீதி 440 கிலோ நம்முடையது. மனைவியும் இரண்டு குழந்தைகளும் 135 கிலோ. நூறு லிட்டர் தொட்டியை நிரப்பினால் இன்னும் 90. கூடுதலாக ஒரு பாட்டரி 25. பக்கவாட்டில் சுருட்டி வைக்கும் பந்தல் 30. நான்கு சைக்கிள்களும் அவற்றை மாட்டும் சட்டமும் 80. சாப்பாட்டுச் சாமானும் பாத்திரமும் 40. துணிமணி, படுக்கை 40. கூட்டிப் பாருங்கள்: சரியாக 440! மடக்கு நாற்காலி, மேஜை, பையனின் தூண்டில், வீட்டு நாய் எதுவும் இன்னும் ஏறவில்லை.

பின்பாரம்

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. நம் ஊர் மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் பின்னால் உட்கார்ந்தால் நுகத்தடி மேலே தூக்கும். "கொஞ்சம் முன்னே தள்ளி உட்காருங்க" என்று வண்டிக்காரர் சத்தம் போடுவார். அதே சமாசாரம்தான் இங்கேயும்.

இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர் தூரம் என்றும், சைக்கிள்கள் பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் தொங்குகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 80 கிலோ, பின் அச்சில் 120 கிலோவாக அழுத்தும்; முன் அச்சிலிருந்து 40 கிலோவைத் தூக்கிவிடும். நெம்புகோல் தத்துவம்! இந்த வீடுகளில் பல ஃபியட் டுக்காட்டோ போன்ற வண்டிகளின் மேல் கட்டப்படுபவை. அவற்றில் பெரும்பாலும் வண்டியை இழுப்பதும் முன் சக்கரம், திருப்புவதும் முன் சக்கரம். அது லேசாகிவிட்டால் ஈரப் புல்லில் சக்கரம் வெறுமனே சுழலும். மழைச் சாலையில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. பின் சக்கரத்தின் டயரோ அதிக பாரத்தில் சூடேறி வெடிக்கலாம். உள்ளே இருப்பது சரக்கு அல்ல, ஐயா, பெண்டாட்டி பிள்ளைகள்!

எப்படி ஏற்றுவது?

கனமான சாமான்களைத் தரையோடு தரையாக, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வையுங்கள். டப்பாக்களும் இரும்புப் பாத்திரமும் கீழே. துணியும் ரொட்டியும் மேல் அலமாரியில். திடீரென்று பிரேக் போட்டால் மேலேயிருந்து பறந்து வரும் ஊறுகாய் ஜாடி, பீரங்கிக் குண்டுக்குச் சமானம். அலமாரிக் கதவுகளையும் குளிர்பெட்டியையும் தாழிடுங்கள். காஸ் சிலிண்டரை நிமிர்த்தி வைத்துக் கட்டி, வால்வை மூடுங்கள். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். அழுக்குத் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றுவானேன்? நல்ல தண்ணீரும் வழிக்கு இருபது லிட்டர் போதும். தங்கும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். அதிலேயே 80 கிலோ மிச்சம்!

எடைமேடைக்குப் போங்கள்

மனக்கணக்கு எத்தனை போட்டாலும் தராசுக்கு ஈடாகாது. லாரிகளை நிறுக்கும் எடைமேடைகளில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த வண்டிகளையும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். பிரயாணத்துக்கு எப்படிக் கிளம்புவீர்களோ, அப்படியே சாமான்களோடும் ஆட்களோடும் போக வேண்டும். முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றுங்கள். பிறகு முழு வண்டி; கடைசியில் பின் சக்கரங்கள் மட்டும். கிடைக்கும் மூன்று எண்களையும் தகட்டோடு ஒப்பிடுங்கள். டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதையும் இந்த அச்சு எடையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

எடை மிஞ்சினால் சில வண்டிகளின் எல்லையை உயர்த்திப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் 3500-ஐத் தாண்டினால் லைசென்ஸ் இடம் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேசாமல் கிளம்பிவிட்டாலோ, வழியில் அதிகாரிகள் நிறுத்தி நிறுத்துப் பார்ப்பார்கள். அபராதமும் உண்டு, பாரத்தைக் குறைக்கும் வரை வண்டி நகரவும் முடியாது.

சீமையில் இருக்கும் பிள்ளையோ பெண்ணோ, "அம்மா, இந்த வருஷம் வாடகைக்கு ஒரு மோட்டார் ஹோம் எடுத்திருக்கிறேன்" என்று எழுதினால், புளியும் அரிசியும் மூட்டை கட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள்: "எத்தனை கிலோ ஏற்றலாம், கண்ணு?"