தமிழ்நாட்டில் 100-ல் 2 பேர்தான் ஏழையா? வறுமையை எப்படி அளக்கிறார்கள்?

நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் ஏழைகள் வெறும் 2.20%. இந்திய அளவில் இது 14.96%. பெருமைப்பட வேண்டிய நம்பர்தான். ஆனால், மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, வருமானத்தில் பாதியை வாடகைக்கே கொடுக்கும் அக்கா இந்தக் கணக்கில் வருவாரா? பெரும்பாலும் வர மாட்டார். ஏன் என்று பார்ப்போம்.

முன்பு எப்படி அளந்தார்கள்?

செலவை வைத்து. டெண்டுல்கர் குழு முறைப்படி, 2011-12-ல் தமிழ்நாட்டு நகரங்களுக்கான வறுமைக் கோடு ஒருவருக்கு மாதம் 937 ரூபாய். அதாவது, ஒரு நாளைக்கு 31 ரூபாய். இந்திய நகரங்களுக்கு 1,000 ரூபாய் என்றிருந்த கோட்டை, 2014-ல் ரங்கராஜன் குழு 1,407 ஆக உயர்த்தச் சொன்னது. அரசு அதை ஏற்கவில்லை.

இப்போது?

பல பரிமாண வறுமைக் குறியீடு. ஆரோக்கியம், கல்வி, வாழ்க்கைத் தரம் என மூன்று பிரிவுகள், மொத்தம் 12 அம்சங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் சம மதிப்பு. குறைகளின் கூட்டுத்தொகை மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால்தான் ஏழை.

இங்கேதான் சிக்கல். சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு என வாழ்க்கைத் தரத்தில் மட்டும் 7 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 4.76% தான். பொதுக் கழிப்பறை, ஓலைக் கூரை, விறகடுப்பு மூன்றும் சேர்ந்தாலே சுமார் 14%. ஏழில் ஆறு இல்லாவிட்டாலும் 28.6% தான். கல்வியிலும் ஆரோக்கியத்திலும் எந்தக் குறையும் இல்லாவிட்டால், அந்தக் குடும்பம் ஏழை இல்லை!

எது விடுபடுகிறது?

வாடகை, கடன், வேலைக்குப் போகும் தூரம். இதையெல்லாம் இந்தக் குறியீடு கேட்பதே இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. குடிசை போய் கான்கிரீட் வீடு, தனிக் கழிப்பறை. குறியீட்டில் இது முன்னேற்றம். ஆனால், தி.நகருக்கோ அடையாறுக்கோ நடந்தே வேலைக்குப் போனவருக்கு, தினமும் பல மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடுகிறது. வேலையே கைவிட்டுப் போனாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்போ இந்த முறை தப்பா?

இல்லை. கழிப்பறை, கேஸ், பள்ளி எல்லாம் எவ்வளவு பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிய இது உதவும். மாசக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை இது சொல்லாது. அதற்கு வாடகையும் போக்குவரத்தும் சேர்ந்த, நகரத்துக்கு ஏற்ற செலவுக் கோடு தனியாக வேண்டும். அது இல்லாதவரை, உதவி தேவைப்படும் பலர் ஏழைகள் பட்டியலுக்கு வெளியேதான் நிற்பார்கள்.