மூக்கை உயர்த்துமுன் முதுகைப் பாருங்கள்

எமது வியாபாரிகளுக்குக் கெப் வண்டி என்பது வெறும் வாகனமல்ல, அதுவே முதலீடு. காலையில் அரிசி மூடை, பகலில் சீமெந்து, மாலையில் குடும்பத்தோடு கலியாண வீடு என்று ஒரே வண்டி மூன்று வேலை பார்க்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கெப்களின் விலை எகிறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதிலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய வண்டி சிறு வியாபாரிக்கு எட்டாக்கனிதான். ஆகவே கையிலுள்ள வண்டியைத் திருத்தி, அழகுபடுத்தி ஓட்டவே பலரும் விரும்புகின்றனர்.

இவ்வாறு செய்யப்படும் வேலைகளில் ஒன்றுதான் லெவலிங் கிட் பூட்டுவது. கெப் வண்டி வெறுமையாக நிற்கும்போது பின்பக்கம் சற்று உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். முன்பக்கத்தை ஒன்றரை முதல் இரண்டரை அங்குலம் வரை உயர்த்தி வண்டியை மட்டமாக்குவதே இந்தக் கிட்டின் வேலை. “நானா, இதைப் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்குமே, போடலாமா?” என்று இளம் வியாபாரிகள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

பின் உயரம் ஏன்?

பின்பக்கம் உயர்ந்திருப்பது கம்பனி விட்ட பிழையல்ல. அது சுமைக்காக ஒதுக்கப்பட்ட இடம். 50 கிலோ அரிசி மூடை 20 ஏற்றினால் ஒரு தொன். அந்தப் பாரத்தில் மிகப் பெரும் பகுதி பின் அச்சின் மீதே விழுகிறது. அப்போது பின்பக்கம் இறங்கி வண்டி தானாகவே மட்டமாகிவிடும். முன்பக்கத்தை ஏற்கனவே உயர்த்தி வைத்திருந்தால் என்ன நடக்கும்? சுமை ஏறியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும், முதுகு தரையைப் பார்க்கும்.

எனக்குத் தெரிந்த மரக்கறி வியாபாரி ஒருவர் தமது கெப்பை இவ்வாறு இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார். தம்புள்ளையிலிருந்து சுமையோடு வந்த ஓர் இரவு நானும் அவரோடு இருந்தேன். குருநாகல் தாண்டும்வரை எதிரே வந்த லொறிக்காரர்கள் விளக்கை அடித்துக் கொண்டே போனார்கள். எமது விளக்கு அவர்களின் கண்ணில் குத்தியது. கணக்கு எளிதானது. முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடைத்தூரம் சுமார் 3 மீற்றர். முன்பக்கம் 5 சென்றிமீற்றர் உயர்ந்தால், 50 மீற்றர் தூரத்தில் விளக்கொளி 80 சென்றிமீற்றருக்கு மேல் உயர்ந்துவிடும். கிட் பூட்டிய இடத்தில் விளக்கையும் சரிசெய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வீல் எலைன்மென்ட் பற்றியும் சொல்லவில்லை. சில மாதங்களில் முன் டயர் இரண்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து போயின.

எந்த வகை எந்த வண்டிக்கு?

ஹைலக்ஸ் வீகோ முதலான பிந்திய வண்டிகளில் முன்பக்கம் கொயில் ஸ்பிரிங் இருக்கும். அதன் தலைமீது ஸ்பேசர் வைப்பதே மலிவான முறை. ஸ்பேசரின் தடிப்பு ஓர் அங்குலமானால் பெரும்பாலும் வண்டி அதைவிட அதிகமாக, ஏறக்குறைய இரண்டு அங்குலம் வரை உயரும். தடிப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், எவ்வளவு உயரும் என்று கேட்டு வாங்குங்கள்.

முதல் தலைமுறை டி-மேக்ஸ் போன்ற வண்டிகளில் முன்பக்கம் கொயிலுக்குப் பதிலாக டோர்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பி உண்டு. அதன் போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் உயரும். பணம் மிச்சம்தான், ஆனால் சக்கரம் கீழிறங்கும் இடம் குறைந்துவிடும். குழியில் விழும்போது முன்பக்கம் தட்டும். போல் ஜொயின்ட், அச்சின் றப்பர் மூடி ஆகியவையும் சாய்ந்த நிலையில் உழைத்து விரைவில் தேயும்.

முன் ஸ்பிரிங் பழசாகித் தளர்ந்திருந்தால் ஸ்பேசர் மருந்தல்ல. புதிய ஸ்பிரிங் போடுவதே சரி. முன்பக்கம் பாரமான இரும்புக் காவல் பூட்டியவர்களும், பெரும்பாலும் சுமையின்றி ஓடுபவர்களும் ஓர் அங்குலம் அளவில் உயர்த்துவதில் நியாயம் உண்டு.

வியாபாரிக்குத் தேவை பின்பக்கம்

சுமை ஏற்றுபவர் பணம் செலவிட வேண்டிய இடம் பெரும்பாலும் பின்பக்கமே. இங்கு இரண்டு வழிகள் உண்டு. ஸ்பிரிங் தட்டுகளோடு இன்னொரு தட்டுச் சேர்ப்பது ஒன்று. தினமும் சுமையோடு ஓடுபவருக்கு இது பொருந்தும், வெறும் வண்டியாகப் போகும்போது தூக்கிப் போடும். மற்றது ஸ்பிரிங்கோடு காற்றுப் பை பூட்டுவது. சுமையோடு வந்து வெறுமையாகத் திரும்புபவர் காற்றைக் கூட்டிக் குறைத்துக் கொள்ளலாம்.

ஆனால் இரண்டுமே வண்டியின் கொள்ளளவைக் கூட்டா. பிரேக், அச்சு, சசி, டயர் எல்லாம் பழையவைதானே! பின்பக்கம் தாழவில்லை என்பதற்காக மேலும் ஐந்து மூடை ஏற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். டயரின் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோதான். பின் டயர் இரண்டுக்குமிடையே 640 கிலோ வித்தியாசம்!

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பல பழைய கெப்களில் பின் அச்சுக்கும் சசிக்கும் இடையே ஒரு கம்பியும் வால்வும் இருக்கும். வண்டி சுமையால் தாழும்போது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதுவே. பின்பக்கத்தை உயர்த்தினால் வண்டி வெறுமையாக இருப்பதாக அந்த வால்வு நினைத்து, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கடுகண்ணாவை இறக்கத்தில் ஒரு தொன்னோடு இறங்கும்போதுதான் அதன் விலை தெரியும். வேலை முடிந்ததும் இதைச் சரிசெய்யும்படி பாஸிடம் கட்டாயம் கேளுங்கள்.

பட்ஜெட் போடும் முறை

பஞ்சிகாவத்தையில் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலை முழுச் செலவல்ல. விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். கிட் 60,000 ரூபா. கூலி 15,000. எலைன்மென்ட் 6,000. புஷ், போல்ட் வகை 12,000. விளக்குச் சரிசெய்தல் 2,000. வண்டி கராஜில் நிற்கும் இரண்டு நாளுக்கு வாடகை லொறி 30,000. மொத்தம் 125,000. எதிர்பாராத செலவுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 137,500 ரூபா. அதாவது கிட் விலையின் இரு மடங்குக்கும் மேல். உங்கள் ஊர் விலைகளை இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

ஆண்டுக்கு 100 பயணம் போகிறவருக்கு முதலாண்டில் ஒரு பயணத்திற்கு 1,375 ரூபா விழுகிறது. இந்தச் செலவால் ஒரு மூடை கூடுதலாக ஏற்ற முடியாது. ஆகவே அழகுக்கென்றால் வீட்டுச் செலவிலிருந்து செய்யுங்கள், கடை முதலில் கைவைக்க வேண்டாம். ஸ்பிரிங் முறிவையோ டயர் தேய்வையோ தடுப்பதற்கென்றால் மட்டும் அதை வியாபாரச் செலவாக எழுதுங்கள்.

வாங்குமுன் நான்கு வேலைகள்

ஒன்று, மட்டமான தரையில் வெறும் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை அளந்து எழுதுங்கள். வழமையான சுமையோடு மீண்டும் அளவுங்கள். இடமும் வலமும் தெளிவாக வேறுபட்டால் முதலில் ஸ்பிரிங்கைச் சோதியுங்கள்.

இரண்டு, பாரமான மூடைகளைக் கதவோரம் அடுக்காமல் பின் அச்சுக்கு முன்னால் அடுக்குங்கள். பாதிப் பிரச்சினை செலவின்றித் தீரும்.

மூன்று, குறைந்தது மூன்று இடங்களில் கூலியும் எலைன்மென்டும் சேர்த்து எழுத்தில் விலை கேளுங்கள்.

நான்கு, வேலை தொடங்குமுன் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பதிலையும் பெற்றுக்கொள்ளுங்கள். விபத்தின் பின்னர் வாய்ப்பேச்சு செல்லாது.

அளவு நாடாவும் கொப்பியும் சில நூறு ரூபாதான். முதலில் அவற்றை வாங்குங்கள். கிட் வேண்டுமா, வேண்டாமா என்பதை உங்கள் சுமையே சொல்லிவிடும்.