பெரியம்மா ஏற மறுத்த கார்: காயில்ஓவர் மாட்டுறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

போன வருஷம் எங்க பெரியம்மா பையன் தன்னோட போலோ ஜிடி டிஎஸ்ஐ-க்கு காயில்ஓவர் மாட்டினார். ஒரு லட்சத்துக்கு மேல செலவு. கார் நல்லா கீழ இறங்கி, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல ரெண்டு விரல் கூட நுழையாத மாதிரி நின்னுச்சு. பார்க்க செம. ரெண்டாவது வாரம் ஒரு கல்யாணத்துக்கு கிளம்பும்போது பெரியம்மா கார் கதவைத் திறந்து பார்த்துட்டு, "நான் பஸ்லயே வந்துக்கறேன் சாமி, நீங்க போங்க"ன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு முதுகு வலி. அதுக்கு முந்தின வாரம் சரவணம்பட்டி ரோட்டுல ஒரு வேகத்தடையில விழுந்த அடி அவங்களுக்கு மறக்கல.

அண்ணா என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான்: "நீ மெக்கானிக்கல் தானே படிக்கற, இத சரி பண்ண முடியுமா?" நாலு வருஷமா வெஹிக்கிள் டைனமிக்ஸ் புக்கை எக்ஸாமுக்கு மட்டும் திறந்த எனக்கு, முதல் தடவையா அது நிஜமாவே தேவைப்பட்டது. அந்த ரெண்டு வாரத்துல கத்துக்கிட்டத இங்க எழுதறேன். தினமும் ஆபீசுக்கும் ஓட்டணும், லீவுல வால்பாறையோட 40 கொண்டை ஊசி வளைவுலயும் மஜா பண்ணணும்னு நினைக்கிற யாருக்கும் இது உதவும்.

காயில்ஓவர்னா என்ன?

டேம்பர் மேலயே ஸ்பிரிங் சுத்தி உக்காந்திருக்கற அமைப்புதான் காயில்ஓவர். அப்படி பார்த்தா நம்ம கார்கள்ல முன்னாடி இருக்கற மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் காயில்ஓவர்தான். கடையில அந்தப் பேருல விக்கிற கிட்ல கூடுதலா இருக்கறது, மரை போட்ட பாடியும் அதுல ஏறி இறங்குற ஸ்பிரிங் தட்டும். சில கிட்ல கீழ் பிராக்கெட்டும் தனியா நகரும், டேம்பர் விறைப்பை மாத்த ஒரு குமிழும் இருக்கும். போலோவுக்கு பின்னாடி டார்ஷன் பீம். அங்க ஸ்பிரிங் தனி, டேம்பர் தனி. அதனால கிட் வாங்கினாலும் பின்னாடி கிடைக்கறது உயரம் மாத்துற தட்டோட ஒரு ஸ்பிரிங், பக்கத்துல ஒரு டேம்பர், அவ்வளவுதான்.

கணக்கு 1: ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு?

முன் சக்கரம் ஒண்ணு மேல சுமார் 320 கிலோ உக்காருதுன்னு வெச்சுக்குவோம் (சக்கரம், பிரேக் எடையைக் கழிச்சு). ஒரிஜினல் ஸ்பிரிங் சுமார் 2 கிலோ/மிமீ, அதாவது 2 கிலோ வெச்சா 1 மிமீ அமுங்கும். ஸ்ட்ரட் கிட்டத்தட்ட சக்கரத்துக்கு நேராவே வேலை செய்யறதால இதையே சக்கரத்துக்கான விறைப்பா எடுத்துக்கலாம். விறைப்பை நியூட்டன்/மீட்டருக்கு மாத்தி, நிறையால வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல வகுத்தா வர்றதுதான் காரோட இயல்பு அதிர்வெண்.

2 கிலோ/மிமீ: 1.25 ஹெர்ட்ஸ்
4 கிலோ/மிமீ: 1.76 ஹெர்ட்ஸ்
6 கிலோ/மிமீ: 2.16 ஹெர்ட்ஸ்

சாதாரண குடும்பக் கார் 1 முதல் 1.5-க்குள்ள இருக்கும். ரோட்டுல ஓடற ஸ்போர்ட்ஸ் கார் 1.5 முதல் 2 வரை. 2-க்கு மேல போனா டிராக் ஏரியா. அண்ணா கார்ல இருந்தது 6. கடையில "ஸ்ட்ரீட் செட்டப்"னு சொல்லித்தான் கொடுத்தாங்க! கிட் வாங்கும்போது எத்தனை கிளிக் இருக்குன்னு கேக்கறதுக்கு முன்னாடி, ஸ்பிரிங் ரேட் என்னன்னு கேளுங்க. நம்பர் சொல்லாத கடையில வாங்காதீங்க.

ஆனா ஆச்சரியம் என்னன்னா, பெரியம்மா முதுகை உடைச்சது அந்த 6 கிலோ ஸ்பிரிங் இல்ல.

கணக்கு 2: எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கு?

சக்கரம் மேல ஏற ஒரு அளவு இடம்தான் இருக்கு. அது தீர்ந்தா பம்ப் ஸ்டாப்னு ஒரு ரப்பர் துண்டுல போய் இடிக்கும். அந்த நொடி சஸ்பென்ஷன் விறைப்பு பல மடங்கு ஆயிடும். நாம அத "கார் ரொம்ப ஹார்டா இருக்கு"ன்னு நினைப்போம். உண்மையில ஹார்டா இருக்கறது ஸ்பிரிங் இல்ல, இடம் இல்லாததுதான் பிரச்சனை.

இத கண்டுபிடிக்க பத்து ரூபா கூட ஆகாது. டேம்பர் ராடோட டஸ்ட் கவரைத் தூக்கிட்டு, ராட் மேல ஒரு ஜிப் டை கட்டி, டேம்பர் பாடி வரைக்கும் கீழ இறக்கி விடுங்க. கவரைத் தூக்கினபடியே கட்டி வெச்சுட்டு, வழக்கமா போற ரோட்டுல ஒரு ரவுண்டு போங்க. சஸ்பென்ஷன் அமுங்கும்போது பாடி அந்த டையை மேல தள்ளும். திரும்பி வந்து பார்த்தா டை எங்க நிக்குதோ, அதுவரைக்கும் அமுங்கியிருக்குன்னு அர்த்தம். எங்களோடது பம்ப் ஸ்டாப்புக்குள்ளயே நசுங்கிக் கிடந்துச்சு.

இந்திய ரோடு காங்கிரஸோட ஐஆர்சி 99 விதிப்படி ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும். நம்ம ஊர்ல அதே உயரத்தை அரை மீட்டர் அகலத்துல கட்டி வெச்சிருப்பாங்க. அந்த மாதிரி ரோட்டுல 55 மிமீ இறக்கின கார் வேற எங்க போகும்?

உயரத்தை எப்படி மாத்தணும்?

அண்ணாவோட நண்பர் காரை இறக்க ஸ்பிரிங் தட்டை மட்டும் கீழ சுத்தியிருக்கார். அப்படி செஞ்சா டேம்பர் ராட் உள்ள போயிடும், பம்ப் ஸ்டாப் பக்கத்துல வந்துடும். அதோட, சக்கரம் பள்ளத்துல தொங்கும்போது ஸ்பிரிங் லூஸ் ஆகி "கட கட"ன்னு சத்தம். வேகத்தடை தாண்டும்போது வந்த சத்தம் அதுதான்.

சரியான வரிசை இது. முதல்ல ஸ்பிரிங் தட்டை, ஸ்பிரிங்கைத் தொட்டதுக்கு அப்புறம் 5 மிமீ மட்டும் இறுக்குங்க. இதுதான் பிரீலோட். அத இன்னும் இறுக்கினா ஸ்பிரிங் விறைப்பாகும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ஆகாது. நேர் விகித ஸ்பிரிங்ல விறைப்பு மாறாது, கார்தான் மேல எழும்பும். 320 கிலோவுக்கு 6 கிலோ ஸ்பிரிங் 53 மிமீ அமுங்கும். அதுல 5 மிமீ ஏற்கனவே இறுக்கியாச்சுன்னா, சக்கரம் கீழ இறங்க 48 மிமீ கிடைக்கும். பள்ளத்துக்கு அது வேணும். அடுத்ததா, காரோட உயரத்தை கீழ் பிராக்கெட்ல செட் பண்ணுங்க. அப்போ டேம்பரோட ஸ்ட்ரோக் குறையாது. ஆனா எவ்வளவு இறக்கினாலும் டயர் உள்ள எங்கயும் உரசாம இருக்கான்னு கட்டாயம் பாருங்க. அளவு எடுக்கறது சக்கர நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும். தரையில இருந்து எடுத்தா டயர் காத்து கணக்கைக் கெடுக்கும்.

பின்னாடி இன்னொரு விஷயம். ஒரு பக்கத்துக்கு சக்கரத்துல 2.5 கிலோ/மிமீ விறைப்புன்னு வைங்க. பின் சீட்டுல ஆளும் டிக்கில பெட்டியும் சேர்ந்து பக்கத்துக்கு 75 கிலோ ஏறினா, கார் 30 மிமீ இறங்கும். தனியா ஓட்டும்போது அழகா இருந்த உயரம், குடும்பம் ஏறினதும் பம்ப் ஸ்டாப்தான். அதனால பின் உயரத்தை ஆள் ஏத்தி வெச்சுதான் செட் பண்ணணும்.

நாங்க முன்னாடி 25 மிமீ, பின்னாடி 20 மிமீ மேல ஏத்தினோம். அண்ணா மூஞ்சி வாடிப் போச்சு. "இதுக்கா இவ்வளவு காசு?"ன்னார்.

கிளிக் விளையாட்டு

அதுக்கு முன்னாடி அவர் என்ன பண்ணியிருந்தார்னா, கார் அடிக்குதுன்னு டேம்பரை முழுசா சாஃப்ட்ல வெச்சிருந்தார். அது இன்னும் மோசம். தடுக்க ஆளில்லாததால சக்கரம் இன்னும் வேகமா பம்ப் ஸ்டாப்புக்குப் போகும். ஸ்பிரிங் மூணு மடங்கு விறைப்பானா, டேம்பிங் அதோட வர்க்கமூலம், சுமார் 1.7 மடங்கு ஏறணும். இல்லன்னா கார் துள்ளும். வெறும் லோயரிங் ஸ்பிரிங்கை ஒரிஜினல் டேம்பரோட போடறவங்களுக்கும் இதே கதிதான்.

ஒரு குமிழ் மட்டும் இருக்கற கிட்ல பெரும்பாலும் ரீபவுண்ட், அதாவது ஸ்பிரிங் திரும்பி விரியற வேகம்தான் அதிகமா மாறும். நடுவுல இருந்து ஆரம்பிங்க. ஒரே ரோடு, ஒரே வேகம், ஒரு தடவைக்கு முன்னாடியோ பின்னாடியோ ஒண்ணு மட்டும், ரெண்டு மூணு கிளிக். வேகத்தடை தாண்டினதும் கார் ரெண்டு தடவை ஆடினா ரீபவுண்ட் கம்மி. தொடர்ந்து குண்டு குழி வரும்போது போகப் போக இறுகிட்டே போனா ரீபவுண்ட் அதிகம். சக்கரம் திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த பள்ளம் வந்து, கார் கொஞ்சம் கொஞ்சமா கீழ உக்காந்துடும். ஒவ்வொரு செட்டிங்கையும் நோட்ல எழுதுங்க. ஞாபகத்தை நம்பாதீங்க.

காயில்ஓவர்னா கிளிக் இருந்தே ஆகணும்னும் இல்ல. பில்ஸ்டீன் பி14, கேடபிள்யூ வேரியன்ட் 1 ரெண்டுலயும் உயரம் மட்டும்தான் மாத்த முடியும், டேம்பிங் கம்பெனியே செட் பண்ணினது. தினசரி காருக்கு அது ஒரு குறையே இல்ல.

கடைசியா மூணு விஷயம்

உயரம் மாறினா கேம்பரும் டோவும் மாறும். அலைன்மென்ட் பண்ணாம விட்டா டயரோட உள்பக்கம் சீக்கிரம் தேஞ்சுடும். கன்ட்ரோல் ஆர்ம் ரப்பர் புஷ் போல்ட்டை கார் சக்கரத்துல நிக்கும்போதுதான் இறுக்கணும். ஜாக்குல தொங்கும்போது இறுக்கினா, கார் இறங்கினதும் ரப்பர் எப்பவும் முறுக்கியே கிடந்து கிழியும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில மாற்றம் செய்யறதைப் பத்திப் பேசுது. இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் ஆர்டிஓ-லயும் முதல்லயே கேட்டுடறது நல்லது.

எல்லாம் முடிச்சு, அலைன்மென்ட்டும் பண்ணி, பெரியம்மாவை உக்கார வெச்சு பொள்ளாச்சி வரைக்கும் போய்ட்டு வந்தோம். ஜிப் டை பம்ப் ஸ்டாப்புக்கு கீழயே நின்னுச்சு. இறங்கினதும் எப்படி இருந்துச்சுன்னு கேட்டோம். "பழைய மாதிரி இல்ல. ஆனா உக்காரலாம்"னாங்க.

அதுதான் நேர்மையான ரிசல்ட். 6 கிலோ ஸ்பிரிங்கை எந்த கிளிக்கும் 2 கிலோ ஆக்காது. அண்ணா இப்போ 4 கிலோ ஸ்பிரிங் தேடிட்டு இருக்கார். நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே தேடுங்க.