அக்காவின் குறிப்பேடு

ஆட்டிசம் உள்ள, பேச்சு இன்னும் வராத ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுடன் அவனுடைய அக்காவும் கடந்த கோடையில் எமது புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியல் பயிலும் அவர், 'ஏபிஏ' எனப்படும் நடத்தைப் பகுப்பாய்வைத் துணைப்பாடமாக எடுத்திருக்கிறார். "இனித் தம்பிக்கு நானே பயிற்சி கொடுக்கலாமா, டாக்டர்?" என்று கேட்டார்.

அத்துணைப்பாடம் முதலில் கற்பிப்பது கவனித்து எழுதுவதை. செயலுக்கு முன் நிகழ்ந்தது என்ன, செயல் எது, அதன்பின் கிடைத்தது என்ன? வீட்டுப்பாட நோட்டைத் திறந்ததும் குழந்தை அலறுகிறது, நாம் மூடிவிடுகிறோம். அலறினால் நோட்டு மூடப்படும் என்று அது கற்றுக்கொள்கிறது. அலறலுக்குப் பதிலாக 'போதும்' என்ற பட அட்டையை நீட்டப் பழக்குவதே பயிற்சி.

இத்துறைக்குக் கசப்பான பக்கமும் உண்டு. 1987இல் லோவாஸ் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் தீவிரப் பயிற்சிக் குழுவிலிருந்த குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கும் மேலாகப் பயிற்சி அளிக்கப்பட்டது. அதட்டலும் தொடையில் அடியும் அதில் இடம்பெற்றன. இன்றைய நல்ல பயிற்சியாளர்கள் அவற்றை ஏற்பதில்லை. ஆயினும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இம்முறையின் மீது வைக்கும் குறைகளைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும் என்பதே என் கருத்து.

அக்காவின் குறிப்பேட்டைப் புரட்டினேன். தம்பி கன்னத்தில் அறைந்துகொள்வதை 'கவனம் ஈர்க்க' என்று வகைப்படுத்தியிருந்தார். ஆனால், அவரே குறித்திருந்த நேரங்களில் பெரும்பாலானவை உணவுக்குப் பிந்தையவை. அறைந்தது எப்போதும் இடக்கன்னத்தில். வாயைத் திறக்கச் செய்து பார்த்தோம். இடக் கடைவாய்ப்பல் ஆழமாகச் சொத்தையாகியிருந்தது. வகைப்படுத்தியது பிழை; ஆனால் அந்தக் குறிப்பு இல்லையெனில் பல்லை நானும் தேடியிருக்க மாட்டேன்.

துணைப்பாடம் சிகிச்சையளிக்கும் தகுதி ஆகாது. அமெரிக்காவில் பகுப்பாய்வாளர் சான்றிதழுக்கு முதுகலைப் பட்டமும், மேற்பார்வையில் களப்பயிற்சியும், தேர்வும் தேவை. அதை வழங்கும் வாரியம் 2023 முதல் இந்தியாவில் வசிப்போரிடமிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஆகவே இங்கே பயிற்சியாளரைத் தேடுவோர், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள்.

பல்லுக்குச் சிகிச்சை முடிந்த சில நாட்களில் அறைதல் நின்றது. அக்கா ஆகஸ்டில் கல்லூரிக்குத் திரும்பினார். குறிப்பேட்டை இப்போது அம்மா எழுதுகிறார். 'காரணம்' என்னும் கட்டத்தை மட்டும் எங்களுக்காகக் காலியாக விட்டுக் கொண்டுவருகிறார்.