எலி வேட்டைக்கு எட்டு வாரம்: கருப்பியோட சாப்பாடும் ஓட்டமும்

இன்னைக்கு கோடிங் கிடையாது, நாய். எங்க மாமா அம்மாப்பேட்டை பக்கம் சம்பா போடுறவர். அவர்கிட்ட கருப்பின்னு ஒரு சிப்பிப்பாறை இருக்கா. நாலு வயசு, 20 கிலோ.

போன தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் வரப்பை வெட்டி எலி பிடிக்கக் கூட்டிட்டுப் போனோம். அரை மணி நேரம் பறந்தா. அப்புறம் வரப்புலயே படுத்துட்டா. கூப்பிட்டாலும் எழுந்திருக்கல. "வயசாயிடுச்சு மாப்ள"ன்னார் மாமா. நாலு வயசுலயா?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். முயல், கீரி, உடும்பு வேட்டையெல்லாம் 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் பேசறது வயல் எலியைப் பத்தி மட்டும்தான். அதைப் பிடிக்க மூங்கில்ல செய்யற தஞ்சாவூர் கிட்டியை வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்குது. வளையில உடும்பு தெரிஞ்சா நாயை இழுத்துப் பிடிச்சுட்டு நகர்ந்துடுங்க.

டாக்டர் கருப்பியைத் தடவிப் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல் இருக்கான்னு ரத்தம் எடுத்தார், இல்ல. "வயிறு ரொம்பியிருக்கு, தொடையில சதை எங்கப்பா?"ன்னு கேட்டார். என்ன போடறீங்கன்னு விசாரிச்சா, ரெண்டு வேளையும் தயிர் சோறு. நெல்லு விளையற ஊர்ல வேற என்ன போடுவாங்க!

நான் கணக்கு போட்டுப் பார்த்தேன். எடையோட 0.75 அடுக்கை 70-ஆல பெருக்கினா, சும்மா படுத்திருக்கிற நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி வரும். 20 கிலோவுக்கு சுமார் 660. நல்லா ஓடி உழைக்கிற நாளுக்கு அதுல ரெண்டு மடங்கு, 1,300-ன்னு வச்சுக்கலாம். ஒரு கிலோ சோறு போட்டா அந்த 1,300 கலோரி கிடைச்சிடும். ஆனா அதுல புரோட்டீன் 27 கிராம்தான். அமெரிக்காவுல நாய்த் தீவனத்துக்கு வச்சிருக்கிற குறைந்தபட்ச அளவு 1,000 கலோரிக்கு 45 கிராம். அப்படின்னா இவளுக்கு 58 கிராமுக்கு மேல வேணும். தயிரைச் சேர்த்தாலும் அந்த இடைவெளி அடையாது. பாவம், வயிறு முட்டத் தின்னுட்டுப் பட்டினி கிடந்திருக்கா.

இப்போ அரை கிலோ சோறு, தோலோட எலும்பில்லாத கோழிக்கறி கால் கிலோ, ரெண்டு முட்டை. கலோரி கிட்டத்தட்ட அதேதான், புரோட்டீன் 65 கிராம் பக்கம் வருது. எலும்பு இல்லாததால கால்சியத்துக்கு முட்டை ஓட்டைப் பொடி பண்ணி அரை ஸ்பூன். வெந்த எலும்பு போடாதீங்க, சிம்பு சிம்பா உடைஞ்சு குடலைக் குத்தும். வெங்காயமும் வேண்டாம். ஒரே நாள்ல மாத்தினா வயித்தால போகும், பத்து நாள் எடுத்துக்கோங்க. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும். இந்த ஜாதி நாய்க்குக் கடைசி ரெண்டு எலும்பு கண்ணுக்குத் தெரிஞ்சாலும் தப்பில்ல.

அடுத்தது ஓட்டம். முதல் ரெண்டு வாரம் வெண்ணாத்தங்கரையில நடை மட்டும். அப்புறம் மெதுவான ஓட்டம். அஞ்சாவது வாரத்துலருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் வேக ஓட்டம், மறுநாள் ஓய்வு. தசையும் மூச்சும் சீக்கிரம் வந்துடும், தசைநார் மெதுவாத்தான் பலப்படும். மெஷின் அறுத்த தாள் பாதத்தைக் கிழிக்கும், அதனால மண்லயும் சரளையிலயும் நடந்து பாதம் மரத்துப்போகணும்.

வேட்டைக்கு முந்தின ராத்திரியே நல்ல சாப்பாடு கொடுத்துடணும். காலையில தண்ணி மட்டும் போதும். நெஞ்சு ஆழமான நாய்ங்க வயிறு நிறைஞ்சு ஓடினா, வயிறு திருகிக்கிற ஆபத்து இருக்கு, உயிர் போயிடும். வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுங்க. நாய் இளைச்சுத்தான் சூட்டைத் தணிக்கும். டெல்டா ஈரக்காத்துல அது சரியா வேலை செய்யாது.

இதையெல்லாம் விட எனக்கு பயம் எலி மருந்துதான். பக்கத்து வயல்காரர் பொரியில ஜிங்க் பாஸ்பைடு கலந்து வச்சிருப்பார். அது வயித்து அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவா மாறும். மாற்று மருந்து கிடையாது. அந்தப் பொரியைத் தின்னாலும், அதைத் தின்னு செத்த எலியைக் கவ்வினாலும் நாய்க்கு ஆபத்து. நாய் கக்கினா அந்த வாயு நமக்கும் விஷம்ங்கிறதால, வண்டியில ஜன்னலைத் திறந்து வச்சு உடனே டாக்டர்கிட்ட ஓடணும். ஒரு வாரம் முன்னாடியே நாலு பக்கத்து வயல்காரங்களையும் நேர்ல பார்த்துக் கேளுங்க. போன வருஷம் நாங்க யாரையுமே கேட்கல. நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

எலிக் காய்ச்சலும் இருக்கு. எலியோட மூத்திரம் கலந்த சேத்துத் தண்ணியிலருந்து நாய்க்கும் வரும், செருப்பில்லாம வயல்ல இறங்குற நமக்கும் வரும். நாய்க்குத் தடுப்பூசி உண்டு, வருஷா வருஷம் போடணும். நமக்கு கம்பூட்ஸ்.

இப்போ கார்த்திகை, கருப்பிக்கு நாலாவது வாரம். மழையால ரெண்டு நாள் ஓட்டம் போச்சு. தொடையில கொஞ்சம் சதை பிடிச்சிருக்கு. மாமா இன்னும் ராத்திரியில ரகசியமா தயிர் சோறு போடறார்னு சந்தேகம். வியாழக்கிழமை ஊசி, அடுத்த வாரம் வேக ஓட்டம் ஆரம்பிக்கிறோம்.