வீட்டுக்கு வீடு வாசற்படி: ஜப்பானிய, கொரியத் தொடர்நாடகங்களும் நம் அன்றாட வாழ்வும்

உழைத்துக் களைத்த மனிதன் நாளின் முடிவில் நாடுவன இரண்டு. ஒன்று உணவு, மற்றொன்று கதை. திண்ணையில் பாட்டி சொன்ன கதையும், திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்தும், வானொலி நாடகமும் இந்த இரண்டாம் பசியைத் தீர்க்க வந்தவையே. இன்று அவ்வரிசையில் ஜப்பானிலும் கொரியாவிலும் உருவான தொலைக்காட்சித் தொடர்நாடகங்களும் சேர்ந்துள்ளன. மொழி வேறு, உடை வேறு, உண்ணும் முறையும் வேறு. அவ்வாறிருந்தும் அவை நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. இதற்குக் காரணம் யாது? நம் அன்றாட வாழ்வில் இவற்றுக்கு எத்தகைய இடம் தருதல் தகும்? இவ்விரு வினாக்களுக்கும் இங்கே விடை காண முயல்வோம்.

விடை காண்பதற்கு ஓர் ஊரை மனத்திற் கொள்வது நலம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால், அகத்தியர் மலையின் அடிவாரத்தில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தை அடைகிறோம். ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிய தோட்டம் அது. அங்கே ஒரு காலத்தில் இயங்கிய தொழிற்சாலை பின்னர் ஓய்ந்தது. வேலை குன்றியதும் பல குடும்பங்கள் மலையிறங்கின. தோட்டத் தொழிலாளரிடையே தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இத்தகைய மலைத்தோட்டத்தில் ஒரே சுவருக்கு இப்பாலும் அப்பாலும் இரு குடும்பங்கள் வாழும் லயத்து வீட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இந்நாடகங்கள் எவ்வாறு தோன்றும் என்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் ஜப்பானைக் கவனிப்போம். அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. 1961ஆம் ஆண்டு காலைத் தொடர்நாடகம் என்னும் புதிய வகையைத் தொடங்கியது. முதலில் வந்த ‘மகளும் நானும்’ என்ற கதை, ஏற்கெனவே வானொலி நாடகமாக ஒலித்ததேயாகும். நாளிதழில் நாள்தோறும் சிறிது சிறிதாக வெளிவரும் தொடர்கதையே இவ்வகைக்கு முன்மாதிரி. அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு பகுதியும் பதினைந்து நிமிடம் என்று வரையறுத்தனர். காலை வேளையில் வீட்டுப் பெண்கள் அடுப்பையும் பாத்திரத்தையும் விட்டு வர இயலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆகவே, திரையைப் பாராமல் காதால் கேட்டாலும் கதை விளங்கும்படி, இடையிடையே விளக்கவுரை சேர்த்தார்கள். வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார் என்று கட்டளையிடாத கதை அது. வேலை செய்பவளின் பக்கத்தில் வந்து நின்று பேசும் கதை எனலாம்.

இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது ‘ஓஷின்’. சுகாகோ ஹாஷிதா என்னும் பெண் எழுத்தாளர் இயற்றிய இத்தொடர் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை 297 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. ஜப்பானில் இதனைக் கண்டோரின் சராசரி விகிதம் 52.6 என்று கணக்கிட்டனர். யாமகட்டா மாவட்டத்து ஏழை உழவர் வீட்டில் பிறந்த ஓஷின், ஏழு வயதில், ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக அயலார் வீட்டுக்கு ஊழியம் செய்ய அனுப்பப்படுகிறாள். முள்ளங்கி கலந்த சோறு உண்டு வளர்ந்த அச்சிறுமி, சிகை அலங்காரம் கற்று, மீன் விற்று, போரில் மகனையும் போர் முடிவில் கணவனையும் இழந்து, முதுமையில் பெரிய கடைகளுக்கு உரிமையாளர் ஆகிறாள். பின்னர் இக்கதை அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றது. ஜப்பானின் உதவியுடன் 1982இல் தொடங்கப்பெற்ற இலங்கை ரூபவாஹினியிலும் இது காட்டப்பட்டது.

அரிசிக்காகப் பிள்ளையைப் பிரியும் காட்சியைக் கண்டு தோட்டத்து மூதாட்டி ஒருத்தி கலங்கினால், அதற்கு ஜப்பானிய வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டங்களின் கதையே பசிக்குப் பயந்து ஊரைவிட்டு மலையேறியவர்களின் கதையன்றோ? பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணியின் பின்னே நடந்து வந்த முன்னோரின் பிள்ளைகள், ஓஷினை அயலூர்ப் பெண்ணாகக் கருத வழியில்லை.

இனிக் கொரிய நாடகங்களுக்கு வருவோம். இந்தியாவில் இவை முதலில் வேரூன்றிய இடம் மணிப்பூர். அங்கே 2000ஆம் ஆண்டில் ஒரு தீவிரவாத அமைப்பு இந்தித் திரைப்படங்களுக்குத் தடை விதித்தபோது, அந்த வெற்றிடத்தைக் கொரியத் தொலைக்காட்சி நிரப்பிற்று. 2006ஆம் ஆண்டில் தூர்தர்ஷன் கொரியத் தொடர்களை இந்திப் பேச்சுடன் ஒளிபரப்பியது. தமிழகத்தில் 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி, கொரியத் தொடர்களைத் தமிழ் பேச வைத்து வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அவற்றுள் ஒன்றான ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’, சலவைக்கடைக்காரர் மகள் ஒருத்தி செல்வர் பள்ளியில் தலைநிமிர்ந்து நிற்கும் கதை. ஜப்பானியச் சித்திரக்கதையாகப் பிறந்து, கொரியாவில் 2009இல் நாடகமாகி, பின் தமிழுக்கு வந்தது அது. 2021இல் ‘ஸ்குவிட் கேம்’ வெளிவந்த பின்னர் கொரியத் தொடர்களை அறியாத ஊரே அரிதாயிற்று.

இவை தமிழில் இயல்பாகப் பொருந்துவதற்கு மொழியமைப்பும் ஒரு காரணம். தமிழிலும் கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. கொரியக் குழந்தையும் தந்தையை ‘அப்பா’ என்றே அழைக்கிறது. தாயை ‘ஒம்மா’ என்கிறது. நாம் ‘வா’ என்றும் ‘வாருங்கள்’ என்றும் ஆளறிந்து பேசுவது போலவே, அவர்களும் எதிரில் நிற்பவரின் வயதையும் தகுதியையும் அறிந்து வினைமுற்றை மாற்றுகிறார்கள். இவ்வொப்புமைகளைக் கண்டு ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905ஆம் ஆண்டிலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று வாதிட்டார். மொழிநூலார் பெரும்பாலோர் இம்முடிவுகளை ஏற்கவில்லை. ஒப்புமை வேறு, உறவு வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

ஒப்புமையிலும் இடறும் இடங்கள் உண்டு. கொரியப் பெண் தன்னினும் மூத்த ஆணை ‘ஒப்பா’ என்று அழைக்கிறாள். உடன்பிறந்த அண்ணனுக்கும் அச்சொல்தான். உள்ளம் கவர்ந்த காதலனுக்கும் அச்சொல்தான்! எங்கும் ‘அண்ணா’ என்றே தமிழாக்கிவிட்டால் காதற்கதை அங்கேயே முடிந்துபோகும். ஆகவே தமிழ் உரையாடல் எழுதுபவர், சில இடங்களில் பெயரையும், சில இடங்களில் ‘நீங்க’ என்ற மரியாதைச் சொல்லையும் கொண்டு சமாளிக்க வேண்டியிருக்கிறது. உதட்டசைவுக்கும் பொருந்த வேண்டும், உறவுமுறைக்கும் பொருந்த வேண்டும். எளிய தொழில் அன்று அது.

மொழியைக் காட்டிலும் நெருக்கமானது வாழ்க்கை முறை. 2015இல் தொடங்கி 2016இல் முடிந்த ‘ரிப்ளை 1988’ என்னும் தொடர், சோல் நகரத்தின் ஒரு சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை. மாலையில் ஒரு தாய் தான் சமைத்ததைக் கிண்ணத்தில் இட்டுப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறாள். அங்கிருந்து வேறொரு பண்டம் வருகிறது. பிள்ளைகள் கிண்ணங்களை ஏந்தி வீட்டுக்கு வீடு ஓடுகிறார்கள். லயத்தில் வாழ்ந்தவர்க்கு இக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை. குழம்பின் மணம் சுவரைத் தாண்டும் இடத்தில் கிண்ணம் தாண்டாமல் இருக்குமோ? ‘ஜுவல் இன் த பேலஸ்’ என்னும் 54 பகுதித் தொடரிலோ, அரண்மனை மடைப்பள்ளியில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தவள் அரசனுக்கே மருத்துவம் பார்க்கும் நிலைக்கு உயர்கிறாள். அவளை உயர்த்துவது நாவின் நுட்பமும் கைத்தொழிலின் தேர்ச்சியுமாம். கொழுந்து பறிக்கும் விரலின் நுட்பத்தை நாள்தோறும் கண்டவர், தொழிலைப் போற்றும் கதையை விரும்புவது இயல்பே.

இனி இரண்டாம் வினா. இவற்றுக்கு எவ்வளவு இடம் தரலாம்? நம் தொலைக்காட்சித் தொடர்கள் பல ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. கொரியத் தொடரோ பெரும்பாலும் பதினாறு பகுதிகளில் முடிந்துவிடும். ஒரு பகுதி ஏறத்தாழ ஒரு மணி நேரம். மாலைக்கு ஒரு பகுதியெனப் பார்த்தால் அரை மாதத்தில் முழுக்கதையும் கைகூடும். ஆனால் ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் ஒரு முடிச்சைப் போட்டு, அடுத்ததையும் பார்க்கத் தூண்டுவது நாடகம் எழுதுவோரின் தொழில். அம்முடிச்சுக்கு இரையாகி இரவெல்லாம் விழித்தால், விடியற்காலையில் வேலைக்கு நிற்க வேண்டிய உடம்பு கடன்படுகிறது. மேலும், திரையில் காணும் மாளிகைகளையும் மாசற்ற முகங்களையும் கொண்டு அந்நாட்டை அளப்பது பிழை. நீண்ட பணி நேரமும் தேர்வுச் சுமையும் அங்கே பலரை வருத்துகின்றன என்பதை அந்நாட்டு நாடகங்கள் சிலவே சொல்கின்றன.

இவற்றினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. வீட்டில் கதை பார்ப்பவர் யார், பாராதவர் யார்? வேற்றுமொழி நாடகங்கள் பெரும்பாலும் திரையடியில் ஓடும் எழுத்துகளின் துணையோடு வருகின்றன. கேரளத்தில் எம்சோன் என்னும் தன்னார்வக் குழு 2012 முதல் பிறமொழிப் படங்களுக்கு மலையாளத்தில் அவ்வெழுத்துகளை அமைத்து வருகிறது. பாராட்டத்தக்க தொண்டு அது. ஆயினும், மலையாளத்தில் கல்வி கற்ற பேத்தி படிக்க இயல்வதைத் தமிழ் மட்டுமே அறிந்த பாட்டி படிக்க இயலாது. எழுத்தறிந்த தாயும் அடுப்பருகே நிற்கையில் திரையைப் படிக்க முடியாது. எழுத்து கண்ணைக் கேட்கிறது. குரல் காதை மட்டுமே கேட்கிறது. காலை நாடகத்தை அமைத்த ஜப்பானியர் அன்று உணர்ந்த உண்மை இதுவே. ஆதலால், நல்ல தமிழ்ப் பேச்சுடன் இந்நாடகங்கள் மிகுதியாக வருதல் வேண்டும். அதுவரை, பேத்தி உரக்கப் படித்துச் சொல்லட்டும். பாட்டிக்குக் கதை கிட்டும், பிள்ளைக்கு இரு மொழிப் பயிற்சியும் கிட்டும்.

அத்துடன் நின்றுவிடலாகாது. பகலெல்லாம் மலைச்சரிவில் கூடை சுமந்தவள், மாலையில் சமையலறையில் நின்றுகொண்டு, கூடத்திலிருந்து வரும் ஓசையை மட்டும் கேட்பது முறையாகுமா? தேங்காய் துருவுவதையும் பாத்திரம் கழுவுவதையும் கணவரும் பிள்ளைகளும் பங்கிட்டுக் கொள்வார்களாயின், அந்த ஒரு மணி நேரம் அவளுக்கும் உரியதாகும். ஓஷினின் துயரத்துக்குக் கண்ணீர் விடும் வீடு, தன் வீட்டு ஓஷினுக்கு ஒரு பாய் விரித்து உட்காரச் சொல்லுமானால், கடல் கடந்து வந்த கதை தன் பயனை அடைந்தது என்போம்.