காயும் கனியுமாகப் பப்பாளி

கொல்லையில் பப்பாளி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பழத்துக்காகவே காத்திருக்கிறார்கள். அது பழுக்குமுன்பே அருமையான காய்கறி என்பதைப் பலர் நினைப்பதில்லை. காயையும் பழத்தையும் முக்கியமாகப் பிரிப்பது, காயைக் கீறினால் வடியும் பால்.

பப்பாளியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் வழியே ஆசியாவுக்கு வந்தது. வந்த இடமெல்லாம் காயாகவும் சமையலுக்குள் நுழைந்தது. தாய்லாந்தில் காயைத் துருவி, மிளகாயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து இடித்துச் 'சோம் தம்' செய்கிறார்கள். பிலிப்பைன்ஸில் கோழி, பப்பாளிக்காய், முருங்கைக்கீரை மூன்றும் கூடியது 'டினோலா' குழம்பு. நம் ஊர் பேக்கரி கேக்கில் வரும் டூட்டி ஃப்ரூட்டியும் சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய்தான்.

காயின் பாலில் இருப்பது பப்பெயின் என்னும் நொதி. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவதே அதன் தொழில். தன்னைக் கடிக்க வரும் புழுக்களிடமிருந்து காத்துக்கொள்ளச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இது. லக்னோவின் கலோட்டி கபாபில் இறைச்சியை வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவருவதும் இதே நொதிதான். வீட்டிலும் அரைத்த பப்பாளிக்காய் விழுதைச் சிறிதளவு ஆட்டுக்கறியில் பிசறி அரை மணி நேரம் வைத்தால் கறி சீக்கிரம் வேகும். அளவும் நேரமும் மிஞ்சினால் நார் கரைந்து கறி கூழாகிவிடும்.

நொதியின் வேலையை ஜெல்லியிலும் பார்க்கலாம். ஜெலட்டின் ஒரு புரதம். ஆகவே பச்சைப் பப்பாளியைப் போட்டால் அது உறையாது. ஆனால் ஜெல்லி செய்யப் பயன்படும் கடற்பாசி, மாவுச்சத்தைப் போன்ற வேறு வகைப் பொருள். நொதி அதைத் தொடாது, நன்றாக உறையும். பாலும் தயிரும் புரதம் நிறைந்தவை. அவற்றோடு பச்சைக்காய் சேர்ந்தால் புரதம் உடைந்து கசப்பு வரும். எனவே தயிர்ப் பச்சடிக்குக் காயைக் கொதிக்க வேகவைத்து, ஆறிய பிறகே கலக்க வேண்டும். நல்ல கொதியில் நொதி செயலிழந்துவிடும்.

கூட்டுக்குப் பச்சைத்தோல் மாறாத, உள்ளே வெளுத்த காயைப் பறியுங்கள். தோலில் நீளவாக்கில் கீறிப் பாலை வடியவிட்டுக் கழுவுங்கள்; பால் பட்டால் சிலருக்குக் கை அரிக்கும். தோல் சீவி, விதையை வழித்தெடுத்துச் சதுரமாக நறுக்கிப் பாசிப்பருப்புடன் வேகவிடுங்கள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் தேங்காயெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் போதும். காய்க்கென்று தனிச்சுவை அதிகம் இல்லை. அதனாலேயே மசாலாவையும் பருப்பையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பொரியல், சாம்பார், துவையல் எதற்கும் ஒத்துப்போகும்.

பழுக்கப் பழுக்கப் பால் வற்றுகிறது, சதை இளகுகிறது, இனிப்பும் நிறமும் ஏறுகின்றன. மஞ்சள் சதைக்கு நிறம் தருபவை கரோட்டினாய்டுகள். சிவப்புச் சதையில் தக்காளியில் உள்ள லைக்கோபீனும் சேரும். 100 கிராம் பழத்தில் சுமார் 60 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டோடு பழத்தைச் சாப்பிட்டால் உடல் அவற்றைக் கூடுதலாக ஏற்கும்.

கர்ப்பிணிகள் பால் நிறைந்த காயைத் தவிர்ப்பதே நல்லது. அந்தப் பால் கருப்பையைச் சுருங்கச் செய்வதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ரப்பர்ப் பால் ஒவ்வாமை உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

வளர்ப்பது எளிது. நல்ல வெயில், நீர் தேங்காத மண் இரண்டும் முக்கியம். வேரில் தண்ணீர் நின்றால் செடி அழுகிவிடும். பப்பாளியில் ஆண், பெண், இருபால் செடிகள் உண்டு. ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகமானால் ஒரே குழியில் இரண்டு மூன்று கன்றுகள் வைத்து, பூத்த பின் தேவையற்ற ஆண் செடியை நீக்குங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7 போன்ற ரகங்களில் ஆண் செடி வராது.

மரம் அடர்த்தியாகக் காய்க்கும்போது நெருக்கத்தில் உள்ள காய்களைச் சமையலுக்குப் பறித்துவிடுங்கள். மீதிக் காய்கள் இடம் கிடைத்துப் பருக்கும். இந்த வாரக் கூட்டுக்குக் கடைக்குப் போகுமுன், கொல்லைப் பப்பாளியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.